உட்கார ஓர் இடம்

துறைமலருக்கு ஒரு கட்டுரை தருமாறு துறைத்தலைவர் அவர்கள் பணித்தபோது, சங்க இலக்கியத்தில் உவமை நலம் குறித்தோ, சிற்றிலக்கிய வளர்ச்சியில் இசுலாமியப் புலவர்களின் பங்கு குறித்தோ எழுதித் தந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். சென்ற மலர்களில் அவ்வாறுதான் எழுதினேன். அக்கட்டுரைகளை என்னையும் மெய்ப்புத் திருத்தியவரையும் தவிர வேறு எவரேனும் படித்தனரோ என அறியேன். மெய்ப்புத் திருத்தியதும் நானே. ஆகவே இம்முறை நூலகத்திற்குச் செல்லாமல், என் மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு படிவத்தின் படியை முன்னே வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். மேசை இழுப்பறை என்றேன். அந்த மேசை எனக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தரச்சான்றுக் குழுவின் வருகைக்கான ஆயத்தங்கள் கல்லூரியெங்கும் நடந்துகொண்டிருந்தன. சுவர்களுக்கு வண்ணம் பூசப்பட்டது. பத்தாண்டுகளாகப் பூட்டியிருந்த மொழி ஆய்வகம் திறக்கப்பட்டது. கோப்புகள் நிறம் வாரியாக அடுக்கப்பட்டன. அப்போது ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தறி படிவம் வழங்கப்பெற்றது. தாம் பணியாற்றும் நிறுவனத்தை ஆசிரியர் எவ்வாறு காண்கின்றனர் என்பதை அறிவதே அதன் நோக்கம். இருபது கூற்றுகள், ஒவ்வொன்றிற்கும் ஐந்து கட்டங்கள். ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பது முதற்கட்டம். ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்பது ஈற்றுக்கட்டம். பெயர் எழுத வேண்டுவதில்லை, கருத்துகள் மறைவாகக் காக்கப்படும் எனத் தலைப்பில் அச்சிட்டிருந்தார்கள். அதற்கு அடுத்த வரியிலேயே துறை, பிரிவு, பாலினம், பணியாண்டு ஆகியன கேட்கப்பட்டிருந்தன. தமிழ்த்துறை, சுயநிதிப் பிரிவு, பெண், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் என்று நான்கு குறிகள் இட்டால், இக்கல்லூரியில் அது என் ஒருத்தியையே சுட்டும். பெயரை எழுதாமல் விடுவதும் எழுதுவதும் ஒன்றே.

ஏழாவது கூற்று வரையில் தயக்கமின்றிக் குறியிட்டேன். எட்டாவது கூற்று, ‘என் பணி பாதுகாப்பானது என உணர்கிறேன்’ என்பது. எழுதுகோல் அங்கே நின்றுவிட்டது. வகுப்பிற்கு மணியடித்தது. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தேன். மறுநாள் மாலைக்குள் திருப்பித் தர வேண்டும்.

அன்றிரவு பாத்திரங்களைக் கழுவிவிட்டு அமர்ந்தபோது, எனக்கு என் அத்தாவின் நினைவு வந்தது.

என் ஊர் திண்டுக்கல். பேகம்பூர்ப் பகுதியில் பிறந்து வளர்ந்தவள் நான். அத்தா ஒரு தோல் ஷாப்பில் பணி செய்தார். தோல் பதனிடும் தொழிற்சாலை என்று ஏடுகளில் எழுதுவதை எங்கள் ஊரில் தோல் ஷாப்பு என்றே சொல்வர். உப்பிட்டு வந்து இறங்கும் ஆட்டுத் தோல்களை நீரில் ஊறவைப்பர். ஊறிய தோல் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போகும். அங்கே மயிர் கழன்று தோல் பருக்கும். பின்னர் ஒட்டிய சதையைச் சீவி எடுப்பர். அதன் பிறகே பதனிடுதல். பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பின்னாளில் சுழலும் பெரிய மரப்பீப்பாய்களும் குரோமிய உப்பும். இவற்றுள் அத்தாவுக்கு வாய்த்தது சுண்ணாம்புத் தொட்டி. இருபது ஆண்டுகளுக்கு மேல் அத்தொட்டியின் விளிம்பில் நின்றார். சுண்ணாம்பு அவர் கைவிரல்களைத் தின்றிருந்தது. 2012ஆம் ஆண்டு ஆதார் அட்டைக்காக அழைத்துச் சென்றபோது, கருவி அவருடைய ரேகையை ஏற்கவில்லை. விரலைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தோம். அங்கிருந்த இளைஞர், “பெரியவருக்கு ரேகையே இல்லையே” என்றார். அத்தா சிரித்துக்கொண்டார்.

அவர் உடையில் எப்போதும் ஒரு வாடை இருக்கும். சோப்பு, நீலம், வெயில் ஆகிய எதற்கும் அது போகாது. அம்மா அவர் உடுப்புகளைத் தனியே துவைத்துத் தனிக் கொடியில் உலர்த்துவார். பள்ளியில் என் அருகில் அமர்ந்த ஒருத்தி ஒருநாள் மூக்கைச் சுளித்தாள். அன்றிலிருந்து நான் என் சீருடையையும் தனியே துவைக்கத் தொடங்கினேன். இதனை அத்தாவிடம் சொன்னதில்லை. அவர் அறிந்திருக்கக் கூடும்.

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகள் குறித்து ஒரு தீர்ப்பு வழங்கிற்று. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. பாலாற்றங்கரை ஊர்களுக்காகத் தொடுக்கப்பெற்றதாயினும், திண்டுக்கல் அண்ணா மாவட்டத்துத் தோல் ஷாப்புகளையும் அத்தீர்ப்பு கட்டுப்படுத்திற்று. ஒவ்வொரு தொழிற்சாலையும் 10,000 ரூபாய் மாசுத் தண்டம் செலுத்த வேண்டும். நவம்பர் 30ஆம் நாளுக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ தனிச் சுத்திகரிப்புக் கருவியோ அமைக்க வேண்டும். அமைக்காதவை மூடப்பட வேண்டும். நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் நவம்பர் 30ஐ எவரும் வட்டமிடவில்லை. ஆனால் வீட்டில் இருந்த எல்லாருடைய கண்ணும் அந்த எண்ணின்மேல்தான் இருந்தது.

தீர்ப்பு தவறென்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் தெருக் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாது. அது யாருடைய உப்பு என்பது எங்களுக்குத் தெரியும். அந்த நீரைக் குடிக்க முடியாத எங்கள் தெருவே, அந்த ஷாப்பு மூடப்படக் கூடாதென்று இறைவனை வேண்டிக்கொண்டிருந்தது. இதில் உள்ள முரணைப் பின்னாளில் வகுப்பறையில் எடுத்துரைக்கும்போது மாணவியர் சிரிப்பர். அன்று எங்களுக்கு அது முரணாகத் தோன்றவில்லை.

அத்தா பணி செய்த ஷாப்பு டிசம்பரில் மூடப்பட்டது. எத்தனை நாளைக்கு என்று எவரும் சொல்லவில்லை. அத்தா அதனை வீட்டில் சொல்லவே இல்லை. வழக்கம்போல் விடியற்காலைத் தொழுகை முடித்து, அம்மா கட்டித் தந்த சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு புறப்படுவார். மாலையில் காலியான தூக்கோடு திரும்புவார். ஷாப்பு வாயிலுக்கு எதிரேயிருந்த தேநீர்க் கடை வாங்குப் பலகையில் நாள் முழுவதும் அமர்ந்திருந்தார் என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது. அவரைப் போலப் பலர் அங்கே அமர்ந்திருந்தனராம். திறக்கப்போகிறார்கள் என்று ஒருவர் சொல்வார். இயந்திரங்களை விற்கப்போகிறார்கள் என்று இன்னொருவர் சொல்வார். மதியத்திற்குள் இரண்டும் ஊருக்குள் பரவிவிடும்.

அம்மா கண்டுபிடித்தது வேறு வழியில். துவைக்கப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். வாடை இல்லை. ஒன்றும் பேசாமல் அதனை எங்கள் துணிகளோடு சேர்த்துத் துவைத்தார். அன்று முதல் அந்தத் தனிக் கொடி வெறுமையாகக் கிடந்தது. மூன்றரைத் திங்கள் அவ்வாறு கழிந்தது. ஒருநாள் மாலை அத்தா வாயிற்படி ஏறும்போதே அந்த வாடை முன்னால் வந்தது. அம்மா அடுப்படியில் நின்று அழுதார். எந்த வாடையை நான் வெறுத்தேனோ, அது அன்று எங்களுக்கு அத்தரினும் இனிதாயிருந்தது. மீண்டும் திறந்தபோது பழைய ஆட்கள் எல்லாரையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும், எடுக்கப்படாதவருள் எங்கள் எதிர்வீட்டுக்காரரும் ஒருவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்கள் வீட்டில் யாரும் அந்த மாலையில் வெளியே வரவில்லை.

2004ஆம் ஆண்டு ஆய்வியல் நிறைஞர் பட்டம் முடித்து, அண்டை மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. ஊரில் முதல் செய்தியாக அத்தாவிடம்தான் சொன்னேன். எவ்வளவு சம்பளம் என்று அவர் கேட்கவில்லை. “உக்கார எடம் இருக்காம்மா?” என்று கேட்டார். நின்றே வாழ்நாளைக் கழித்தவர் வேறென்ன கேட்பார். “இருக்கு அத்தா, நாற்காலி மேசை எல்லாம் இருக்கு” என்றேன். “அப்ப சரி” என்றார். அவரைப் பொறுத்தவரை அத்தோடு அந்த விசாரணை முடிந்தது.

அக்கல்லூரியைப் பற்றி மிகுதியாகச் சொல்ல விரும்பவில்லை. பணியில் சேர்ந்த நாளன்று என் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கே எல்லாருடைய சான்றிதழ்களும் அலுவலக இரும்புப் பேழையில் இருந்தன. ஆண்டிற்குப் பத்துத் திங்களுக்குச் சம்பளம். மே, ஜூன் திங்களில் நாங்கள் ஆசிரியர் அல்லர். இரண்டாண்டு கழித்து விலக விரும்பியபோது, என் சான்றிதழைத் திரும்பப் பெறுவதற்கு என் திருமணப் பத்திரிகையைச் சான்றாகக் காட்ட வேண்டியதாயிற்று. கல்லூரியை விட்டுப் போவதற்குத் திருமணம் ஒன்றே ஏற்கத்தக்க காரணம் என அவர்கள் கருதினர் போலும். நல்லவேளையாகத் திருமணமும் உண்மையாகவே நடந்தது.

2006இல் இக்கல்லூரிக்கு வந்தேன். இங்கே என் சான்றிதழ்கள் என்னிடமே உள்ளன. பன்னிரண்டு திங்களுக்கும் சம்பளம் வருகிறது. நன்றி மறவாமல் இதனைப் பதிகிறேன். எனினும் நாற்காலி பற்றி அத்தாவிடம் சொன்னது முழு உண்மையன்று. காலை நேரத்தில் அரசு உதவிபெறும் பிரிவு. பிற்பகலில் சுயநிதிப் பிரிவு. காலையில் ஒரு பேராசிரியர் அமரும் நாற்காலியில் பிற்பகலில் நான் அமர்கிறேன். மேசையின் மூன்று இழுப்பறைகளில் இரண்டு பூட்டியிருக்கும்; மூன்றாவது பூட்டில்லாதது, அது எனக்கு. என் நூல்கள் துணிப்பையில் என்னோடு வந்து என்னோடு போகும். அந்தப் பேராசிரியர் மிகவும் நல்லவர். ஓய்வு பெறும் நாளில் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் இடத்தில் வேறொருவர் நியமிக்கப்பட்டால் சாவி அவருக்கு. நியமிக்கப்படாமல் பணியிடம் வெறுமையாகவே கிடந்தால் எனக்கு. எதை விரும்புவதென்று எனக்கே தெரியவில்லை. அவரவர் அச்சம் அவரவர்க்கு என்பதையும் அந்த மேசையில்தான் கற்றேன்: அவர் பிரிவில் ஓய்வுபெற்றோர் இடங்கள் நிரப்பப்படாமையால் மூவர் செய்த வேலையை அவர் ஒருவரே செய்கிறார்.

என் அச்சத்திற்கு ஒரு தனிவரலாறு உண்டு. நான் இங்கு வந்த 2006இல், இளங்கலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்த ஆய்வியல் நிறைஞர் பட்டம் போதும், தகுதித் தேர்வு வேண்டுவதில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு விலக்களித்திருந்தது. 2009ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவ்விலக்கு நீங்கிற்று. 2015ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உச்ச நீதிமன்றமும் அவ்விதியை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் எங்கள் குடும்பத்திற்குள் நுழைந்தது அது இரண்டாம் முறை. முன்னரே பணியில் உள்ளவர்களைப் பாதிக்காது என்றார் அறிந்தவர். ஆண்டுதோறும் பணிநீட்டிப்புப் பெறுபவர் முன்னரே பணியில் உள்ளவரா, ஆண்டுதோறும் புதிதாகச் சேர்பவரா என்று கேட்டேன். அறிந்தவர் பேச்சை மாற்றினார். தகுதித் தேர்வை மூன்று தாள்கள் இருந்த காலத்திலும் எழுதினேன். 2018இல் இரண்டு தாள்களாகக் குறைந்த பின்னரும் எழுதினேன். ஒருமுறை நான்கு மதிப்பெண்ணில் தவறிற்று. முனைவர் பட்டத்திற்குப் பகுதிநேரமாகப் பதிந்தேன், பதிவுக்காலம் நீட்டிக்கப்பட்டுள்ளது. பிறகு 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை ஆய்வியல் நிறைஞர் பட்டத்தையே கைவிடச் சொல்லிற்று. 2022ஆம் ஆண்டின் விதிமுறை அதனை நிறுத்திவிட்டது. முன்பு பெற்ற பட்டங்கள் செல்லும் என்பதையும் அவ்விதிமுறையே தெளிவாக்கியிருக்கிறது. 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாதனவாக அறிவிக்கப்பட்ட இரவை நினைத்துக்கொள்கிறேன். என் பட்டத்திற்கு அந்நிலை வரவில்லை. செல்லாது என்று சொல்லவில்லை. இனி அச்சிட மாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள்.

இத்தகைய அச்சம் ஒருவருடைய கண்களை என்ன செய்யும் என்பதை நான் அறிவேன். பணியிடம் முழுவதும் குறிகளால் நிறைந்துவிடும். முதல்வர் என் சலாமுக்குத் தலையசைத்தாரா, வாய்விட்டு மறுமொழி சொன்னாரா. விழாக் குழுவில் என் பெயர் எத்தனையாவது. அலுவலக உதவியாளர் பாய் சுற்றறிக்கையோடு நம் அறைப்பக்கம் திரும்பும்போது அவர் முகம் எப்படியிருந்தது. ஓர் ஏப்ரலில் முதல்வர் அழைப்பதாகப் பாய் வந்து சொன்னார். மாடிப்படிகள் முப்பத்திரண்டையும் இறங்குவதற்குள் என் மகளைப் பள்ளியிலிருந்து மாற்றி, வாடகை குறைந்த வீடு பார்த்து, திண்டுக்கல்லில் தனிப்பயிற்சி வகுப்பும் தொடங்கிவிட்டேன். ஆண்டு விழா அழைப்பிதழில் ‘தலைமையேற்று’ என்பதில் ஒற்று மிகுமா என்று கேட்பதற்கே அவர் அழைத்திருந்தார்.

வள்ளுவர் பொருட்பாலில் எழுபதாம் அதிகாரமாக மன்னரைச் சேர்ந்தொழுகலை வைத்தார். அரசனிடம் மிக நெருங்காமலும் மிக விலகாமலும், குளிர்காய்பவர் நெருப்பிடம் இருப்பது போல இருக்க வேண்டுமென்பது அதன் தொடக்கம். அதற்கு அடுத்த அதிகாரம் குறிப்பறிதல். இதே தலைப்பை மீண்டும் ஒருமுறை காமத்துப்பாலில், நூற்றுப் பத்தாம் அதிகாரத்திற்கும் இட்டார். காதலியின் முகத்தையும் அதிகாரமுடையவர் முகத்தையும் மட்டுமே மனிதர் இவ்வளவு கூர்ந்து படிக்கிறார்கள் என்பதை அவர் கண்டிருந்தார் என எனக்குத் தோன்றுகிறது. பரிமேலழகர் இதுபற்றி ஒன்றும் கூறவில்லையே என மாணவர் எவரேனும் வினவினால், பரிமேலழகருக்கு ஆண்டுதோறும் பணிநீட்டிப்பு இருந்ததா என்று திருப்பி வினவுவேன்.

புறநானூற்றுப் புலவர்களும் ஒருவகையில் பணிபுரிந்தவர்களே. மோசிகீரனார் களைப்பு மிகுந்து, அறியாமல் முரசு கட்டிலில் படுத்துறங்கிவிட்டார். அது தண்டனைக்குரிய குற்றம். பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்காமல் கவரி எடுத்து வீசினான். ஐம்பதாம் பாட்டு அது. ஆண்டுதோறும் அதனை நடத்துகிறேன். ஆண்டுதோறும் மாணவியர் மன்னனின் தமிழ்ப்பற்றை வியந்து எழுதுகின்றனர். எனக்கோ அந்தப் புலவர் கண்விழித்த நொடியே நினைவில் நிற்கிறது. வீசுபவன் யார் என்று தெரிவதற்கு முன், தான் எங்கே படுத்திருக்கிறோம் என்று மட்டும் தெரிந்த அந்த நொடி. பெருஞ்சித்திரனாருடைய வழக்கு வேறு. அதியமான் அவரை நேரிற் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். அவர் அதனை மறுத்தார். பொருள் போதாது என்பதற்காக அன்று. முகம் பார்க்கவில்லை என்பதற்காக. பணியாளர் மனநிறைவு பற்றி எந்தப் படிவமும் கேட்காத கேள்வி அந்தப் பாட்டில் இருக்கிறது.

உமறுப் புலவரையும் நினைக்கிறேன். சீறாப்புராணம் பாட ஆதரவளித்த வள்ளல் சீதக்காதி, நூல் முற்றுப்பெறுமுன் மறைந்தார். பின்னர் அபுல்காசிம் மரைக்காயர் புரந்தார் என்று இலக்கிய வரலாறு ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுகிறது. நானும் கரும்பலகையில் அவ்வாறே எழுதுகிறேன். அந்த ஒரு வாக்கியத்தின் நடுவில், முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையில், புலவர் வீட்டு அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பதை எவரும் எழுதவில்லை. தேநீர்க் கடைப் பலகை ஒன்று அவருக்கும் இருந்திருக்கும்.

அத்தா தம் பணியிடத்தை எவ்வாறு கண்டார் என்பதற்கு வருகிறேன். இது எனக்கு இன்றும் முழுமையாக விளங்கவில்லை. அவர் அதனை ஒருபோதும் இழித்துப் பேசியதில்லை; புகழ்ந்தும் பேசியதில்லை. ‘நம்ம ஷாப்பு’ என்பார். முதலாளியுடையது என்பதை நன்கறிந்தவர்தான். கூலி உயர்வுக்காகச் சங்கத்தோடு வாயிலில் நின்றவரும்கூட. உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுக என்னும் நபிமொழியை ஒவ்வொரு பெருநாளுக்கும் முதலாளி வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வருவார் என்று அம்மா சொல்வதுண்டு. ஆயினும் ‘நம்ம ஷாப்பு’தான். திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்த டி. செல்வராஜ் எங்கள் ஊர்த் தோல் தொழிலாளர் வாழ்வை ‘தோல்’ என்னும் புதினமாக எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அந்நூலை வாங்கிச் சென்று அத்தாவிடம் கொடுத்தேன். மூன்று திங்கள் எடுத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார். “எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காரு. அந்த வாடையத்தான் தாளுல கொண்டாற முடியாது” என்றார். குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

2015ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். செய்தித்தாளை அத்தா நெடுநேரம் மடக்காமல் வைத்திருந்தார். “பயமா இல்லையா அத்தா உங்களுக்கு, அந்தக் காலத்துல?” என்று அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். “பயம் இல்லாம என்ன” என்றார். சற்றுப் பொறுத்து, “தொட்டிய நெனச்சுப் பயந்ததில்லம்மா. கேட்டு மூடியிருக்குமோன்னுதான் தெனம் பயம். தெருமுக்குல திரும்புற வரைக்கும்” என்றார். ஷாப்பு மீண்டும் திறந்து அவர் ஓய்வெடுக்கும் வரையில் ஒவ்வொரு விடியலிலும் அந்தத் தெருமுனையை அவர் அவ்வாறே திரும்பியிருக்கிறார். இரண்டாண்டு கழித்து, 2017இல் அவர் மறைந்தார்.

அந்த உரையாடல்தான் எட்டாம் கூற்றின்மேல் வந்து நின்றது.

மறுநாள் கல்லூரிக்குச் சென்றபோது, தாவரவியல் துறை நண்பர் இருபது குறிகளையும் முதற்கட்டத்திலேயே மேலிருந்து கீழாக இட்டு முடித்திருந்தார். அளவுகோல் வைத்துப் போட்டாற் போலிருந்தது. “எதுக்கு மேடம் யோசிக்கிறீங்க? கணினி கூட்டிப் பார்க்கப் போகுது. நாலே முக்கால் வந்தா அவங்களுக்கும் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம்” என்றார். அவரும் சுயநிதிப் பிரிவுதான். இரு மகள்கள் கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. ஆங்கிலத்துறையின் இளம் ஆசிரியை ஒருவர், பணியில் சேர்ந்து ஏழு திங்களே ஆனவர், எல்லாக் கூற்றுக்கும் நடுக்கட்டத்தில் குறியிட்டிருந்தார். நடுவில் நின்றால் எவரும் தள்ளமாட்டார் என்பது அவர் கணக்கு. இவ்வாறு நிரப்பப்பட்ட படிவங்கள் கூட்டப்பட்டு, வண்ணப் படமாகி, குழுவினர் முன் வைக்கப்படும். அவற்றைக் கொண்டு எங்கள் மனத்தை எவர் அறியப் போகிறார்?

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் நிறுவனம் என்னை வெளியேற்ற எண்ணியதாக இந்த ஆண்டுகளில் ஒரு சான்றும் இல்லை. என் மகப்பேற்றின்போதும், பெருந்தொற்றுக் காலத்திலும் என் இடம் எனக்கிருந்தது. அச்சம் பெரும்பாலும் ஒவ்வோராண்டும் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரையில் வளர்கிறது. பணிநீட்டிப்பு ஆணை கல்லூரி திறந்த பிறகே கையெழுத்தாகி வருவது வழக்கம். எவருடைய தீய எண்ணத்தாலும் அன்று, எப்போதும் அப்படித்தான். செயலர் அவர்களுக்கு அது ஒரே அமர்வில் ஐம்பது கையெழுத்து. எங்களுக்கு ஐம்பது நாள். இதனை அவர்களிடம் எவரேனும் சொல்லியிருக்கிறார்களா என்று யோசித்தேன். நானும் சொன்னதில்லை. அத்தாவைப் போலத் தூக்கோடு புறப்பட்டு, தூக்கோடு திரும்பியிருக்கிறேன்.

எட்டாவது கூற்றில் நான்காம் கட்டத்தில், ‘மறுக்கிறேன்’ என்பதில் குறியிட்டேன். பெருமை கொள்கிறேன் என்னும் கூற்றில் முதற்கட்டம், அதுவும் உண்மையே. தாளின் அடியில் ‘வேறு கருத்துகள்’ என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். பொதுவாக எவரும் அதில் எழுதுவதில்லை. ‘சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களின் பணிநீட்டிப்பு ஆணையை ஏப்ரல் முடிவதற்குள் வழங்க வேண்டுகிறேன்’ என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகே உணர்ந்தேன்: கல்லூரியின் அழைப்பிதழ், பாராட்டு மடல், இரங்கல் செய்தி அனைத்தும் முதலில் என் கையெழுத்தில்தான் அலுவலகத்திற்குப் போகின்றன. அந்தக் கையெழுத்தை அறியாதார் இங்கு எவருமிலர். கை நடுங்கிற்று. கிழித்துவிட்டுப் புதுப்படிவம் கேட்கலாமா என்றும் எண்ணினேன். பாய் வந்து நின்றார். “ஒங்க தாள் ஒண்ணுதாம்மா பாக்கி” என்றார். “ஒரு நிமிஷம் பாய்” என்று அலைபேசியில் அதனைப் படமெடுத்துக்கொண்டு, கொடுத்துவிட்டேன். அதன் படிதான் இப்போது என் முன் உள்ளது.

அதற்குப் பின் ஒரு திங்கள் என் குறிப்பறிதல் உச்சத்தில் இருந்தது. முதல்வர் இருமுறை சலாமுக்கு மறுமொழி சொன்னார், ஒருமுறை சொல்லவில்லை. செயலர் நடைக்கூடத்தில் எதிர்ப்பட்டு, “நல்லாருக்கீங்களாம்மா?” என்றார். இதற்கு முன் அவர் அப்படிக் கேட்டதுண்டா என்று அன்றிரவு முழுவதும் நினைவைத் துழாவினேன். தரச்சான்றுக் குழு வந்து சென்றது. எங்கள் துறையில் கையெழுத்துச் சுவடி ஒன்றை ஆர்வத்தோடு புரட்டிப் பார்த்தார் ஒரு பேராசிரியர். படிவங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அவ்வாண்டு பணிநீட்டிப்பு ஆணை ஏப்ரல் 26ஆம் நாள் வந்தது. “ஒங்க ரெண்டு வரி வேலை செஞ்சிருச்சு மேடம்” என்றார் தாவரவியல் நண்பர். அலுவலகக் கண்காணிப்பாளரோ, செயலர் மே திங்களில் வெளிநாட்டில் மகன் வீட்டிற்குச் செல்ல இருந்தமையால் எல்லாவற்றிலும் முன்னதாகவே கையெழுத்து வாங்கிவிட்டதாகச் சொன்னார். எது காரணமென்று நான் மேலும் உசாவவில்லை. ஆணையை வாங்கி மூன்றாம் இழுப்பறையில் வைக்கப் போனேன். அதற்குப் பூட்டில்லாமையால் துணிப்பையில் வைத்துக்கொண்டேன். அந்தக் கோடையில் மகளை அழைத்துக்கொண்டு திண்டுக்கல்லில் அம்மாவிடம் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தேன்.

அம்மா இப்போதும் அந்தத் தனிக் கொடியை அவிழ்க்கவில்லை. வெங்காய வடகம் காயப் போடுகிறார்.